இன்னும் ஒரு சுற்று

போன வாரக் கதையில் இல்காவைப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அந்தக் குளிரில் நிற்கிறாள். முதலில் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம்.

நடந்தது இதுதான். அவள் புருஷன் டீலோ, காருக்குப் பெட்ரோல் போடப் போனவன், குழாயைக் காரிலேயே செருகி வைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தான். கார் எங்கே என்று இல்கா கேட்டாள். "எந்தக் கார்?" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள்தான் ஓடிப்போய் பங்க்காரரிடம் ஏதோ சாக்கு சொல்லி, காரை எடுத்துக்கொண்டு, எடுத்த கையோடு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

டீலோ யாரென்று புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹம்மர்வீசனுக்குள் நுழையும்போது ரோட்டோரத்தில் ஒரு பெரிய பலகை இருக்கும். அதில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, கழுத்தில் ஒலிம்பிக் தங்கத்தோடு நிற்கிறானே, அவன்தான். பேக்கரியில் அவன் பேரில் ஒரு ரொட்டி கூட உண்டு. ஜெர்மனியின் சாக்சனி மலையில் எங்கள் ஊர் மாதிரி நூறு ஊர் இருக்கிறது, ஆனால் தங்கம் வாங்கியவன் எங்களிடம்தான் இருக்கிறான். அந்தக் கொழுப்பு எங்கள் எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அவன் ஆடுகிற ஆட்டம் இரட்டை ஆட்டம். முதலில் காலில் ஸ்கை என்கிற சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு உயரமான சறுக்கு மேடையிலிருந்து பாய்ந்து பறக்க வேண்டும். அதே நாள், வேறு ஸ்கையை மாட்டிக்கொண்டு பனியில் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். நன்றாகப் பறந்தவன் முதலில் கிளம்புவான், மற்றவர்கள் எவ்வளவு பின்தங்கினார்களோ அவ்வளவு தாமதமாகக் கிளம்புவார்கள். முடிவுக் கோட்டை முதலில் தாண்டுகிறவன் ஜெயித்தவன். பறப்பதற்கு உடம்பு லேசாக இருக்க வேண்டும், ஓடுவதற்குப் பலம் வேண்டும். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் முன்னணியில் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை.

செப்டம்பரில், பனி இல்லாத காலத்தில், பிளாஸ்டிக் பாய் விரித்த மேடையில் பயிற்சி செய்யும்போது விழுந்தான். தலை போய் மோதியது. டாக்டர் பார்த்தார், பரிசோதித்தார், சரி என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொன்றாக மறக்கிறது. இது இல்காவுக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறான்.

இன்றைக்கு எங்கள் ஊரிலேயே தேர்வுப் போட்டி. முதல் மூன்று பேருக்குள் வந்தால் அடுத்த மாதம் உலகப் போட்டிக்குப் போகலாம். முப்பத்து நாலு வயசுக்காரனுக்கு அடுத்த வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

காலையில் அடுப்படியில் உட்கார்ந்து ஓட்ஸில் பாலாடைக் கட்டியைக் குழைத்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் கிறிஸ்துமஸ் மெழுகுவத்தி வளைவு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிப்ரவரி பிறக்காமல் அதை எடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. பயிற்சித் தாவல் எத்தனை மணிக்கு என்று கேட்டான். பத்துக்கு என்று சொன்னாள். ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இல்கா, பயிற்சித் தாவல் எத்தனை மணிக்கு?" என்றான்.

அவள் மறுபடியும் பத்துக்கு என்றாள். முதல் தடவை சொல்கிற மாதிரியே சொன்னாள். இப்படிச் சொல்வதற்கு அவள் நாலு மாதமாகப் பழகியிருக்கிறாள். அந்தப் பழக்கத்தை நினைத்தால் அவளுக்கே பயமாக இருந்தது.

"இன்னைக்கு வேணாமே டீலோ" என்றாள்.

அவனுக்குப் புரிந்தது. மறதிக்காரன்தான், மடையன் இல்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"உலகப் போட்டி முடியட்டும். நீ எந்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் வரேன். கையில ஊசி குத்தினாலும் சரி, தலைய அறுத்துப் பார்த்தாலும் சரி, வாயைத் திறக்க மாட்டேன். அதுவரைக்கும் விட்டுடு."

"பறக்கும்போது மறந்துட்டா?"

"பறக்கிறதை மறக்கிறதா? நீ மூச்சு விடறதை மறப்பியா?"

எழுந்து, அவள் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தான். வாசலில் நின்று, எனக்காகக் கட்டை விரலை மடிச்சு வச்சுக்கோ என்றான். அதிர்ஷ்டத்துக்கு நாங்கள் செய்வது. இல்கா இரண்டு கையிலும் கட்டை விரலை உள்ளே மடக்கிக் காட்டினாள். அவன் கார் திரும்பியதும் விரலைப் பிரித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு நேராக நாத்தனாரைப் பார்க்கக் கிளம்பினாள். சத்தியமாவது ஒன்றாவது.

நாத்தனார் உல்ரிகே, டீலோவுக்கு ஆறு வயசு மூத்தவள். அவனுடைய கோச்சும் அவள்தான். அவள் காலத்தில் இந்த ஆட்டத்தில் பெண்களைச் சேர்க்கவே மாட்டார்கள். தம்பியைவிட நன்றாகப் பறப்பாள், தம்பியைவிட வேகமாக ஓடுவாள், என்ன பிரயோஜனம்? தனக்குத் தெரிந்ததையெல்லாம் தம்பிக்குள் இறக்கினாள். பலகையில் சிரிப்பது அவன் மூஞ்சி. பாதி தங்கம் அவளுடையது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஸ்கைக்கு மெழுகு தேய்க்கிற கொட்டகை வாசலில் நின்று, விரலை நனைத்துக் காற்று பார்த்துக்கொண்டிருந்தாள் உல்ரிகே. கக்கத்தில் மஞ்சள் கொடி.

"அண்ணி, ஒரு நிமிஷம்."

"இப்பவா? காத்து கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்துது. நான் மேல போகணும்."

"டீலோவுக்கு முடியல."

"போட்டிக்கு முந்தின ராத்திரி அவன் என்னைக்குத் தூங்கியிருக்கான்? ஒரு காப்பி குடிச்சா சரியாயிடும்."

"அது இல்ல அண்ணி. தலை."

உல்ரிகே விரலைக் கீழே இறக்கினாள். அதெல்லாம் டாக்டர் பார்த்தாயிற்று என்றாள். டெஸ்ட் எடுத்தாயிற்று, ஏப்ரலில் வாங்கிய அதே மார்க் அக்டோபரிலும் வாங்கிவிட்டான், ஒன்றும் குறையவில்லை என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

"ஏப்ரல்ல அவனை மக்கு மாதிரி எழுதச் சொன்னது யாரு?" என்றாள் இல்கா.

இந்த இடத்தில் ஒரு அசிங்கத்தைச் சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் வசந்தத்தில் இவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு ஞாபக சக்தி டெஸ்ட் வைப்பார்கள். வார்த்தைகளைக் காட்டி மறைப்பார்கள், படங்களைக் காட்டி மறைப்பார்கள், என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். விழுந்து அடிபட்டால் அதே டெஸ்ட் மறுபடியும். மார்க் குறைந்தால் மேடை ஏறக்கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஆட்கள் கில்லாடிகளாயிற்றே! வசந்தத்திலேயே வேண்டுமென்று தப்பு தப்பாக எழுதி வைத்துவிடுவார்கள். அப்புறம் மண்டை உடைந்து வந்து எழுதினாலும் அதே மார்க்தான் வரும். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பீர் குடிக்கும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். டீலோ மாதிரி மக்கு மார்க் வாங்கியவர் யாரும் இல்லை என்பது ஒரு பெரிய ஜோக். அவனுக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவள் உல்ரிகே. கெட்ட எண்ணத்தில் இல்லை. எல்லாரும் செய்கிறார்கள், நம் பையன் மட்டும் ஏமாளியாக இருப்பானேன் என்ற எண்ணத்தில்.

கொட்டகைக்குள்ளிருந்து மெழுகு வாசனையும் யாரோ சிரிக்கிற சத்தமும் வந்தது.

இல்கா எல்லாவற்றையும் கொட்டினாள். பங்க்கில் விட்ட காரைச் சொன்னாள். ஓடப் போனவன் வழி தெரியாமல் காட்டுக்குள் நின்றதையும், விறகு வெட்டுகிறவர் கூட்டி வந்து விட்டதையும் சொன்னாள். பேக்கரியில் கண்ணாடிக்குள் இருந்த ரொட்டியின் பேரைப் படித்துவிட்டு, இது யாரு டீலோ என்று கடைக்காரியிடம் கேட்டிருக்கிறான். கடையே சிரித்ததாம்.

"இதையெல்லாம் என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டான்."

"சத்தியம்! நல்ல சத்தியம். அவன் கூடப் பிறந்தவ நான் இருக்கேன்ல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

உல்ரிகே கொடியைக் கக்கத்திலிருந்து எடுத்து, கம்பில் இறுக்கிச் சுற்றினாள். பிறகு பிரித்தாள். பிறகு மறுபடியும் சுற்றினாள்.

இல்கா அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி, நீங்க யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம். டாக்டர்கிட்ட போக வேணாம், பத்திரிகைக்காரங்ககிட்ட போக வேணாம். கொடிய மட்டும் இறக்காதீங்க. காத்து சரியில்லன்னு சொல்லிடுங்க. அது போதும்."

இறக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். மேடை உச்சியில் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவன் பச்சை விளக்கு எரிந்ததும் கொஞ்ச நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். காற்றை அவனால் பார்க்க முடியாது. பாதி வழியில் நிற்கிற கோச் கொடியை இறக்கினால் அவன் சட்டத்திலிருந்து கையை விட்டுக் கிளம்புவான். நேரத்துக்குள் கிளம்பாவிட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியே. ஸ்கையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கி வர வேண்டும், சொந்த ஊரில், அத்தனை பேர் பார்க்க.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உல்ரிகே மேலே ஏறினாள். அந்தப் பாக்கலாமை வைத்துக்கொண்டு இல்கா ஒன்றரை மணி நேரம் கீழே நின்றாள்.

கீழே அவள் அப்பா ஆர்னோவின் ராஜ்யம். டீலோ ரசிகர் மன்றத் தலைவர் அவர். மஞ்சள் குல்லா போட்ட கூட்டம், அவர் கையில் ஊரில் சுரங்கம் ஓடிய காலத்து வெண்கல மணி. மாப்பிள்ளை பேரைச் சொன்னாலே மணி அடித்துவிடுவார். மகள் முகம் வெளிறிக் கிடப்பதைப் பார்த்து, பயப்படாதே, நம்ம ஆளு இன்னைக்கு எல்லாரையும் துடைச்சுப் போட்டுடுவான் என்று ஒரு சாஸேஜை வாங்கி அவள் கையில் திணித்தார். கடுகு விழுது வழிந்து அவள் கையுறையில் ஒட்டியது. அவள் கவனிக்கவில்லை.

கடைசியாக டீலோவின் முறை வந்தது.

மேலே குறுக்குச் சட்டத்தில் அவன் நகர்ந்து வந்து உட்கார்ந்தான். உல்ரிகே நிற்கிற இடத்திலிருந்து அவன் முகம் தெரியாது, தலைக்கவசமும் கண்ணாடியும்தான் தெரியும். ஆனால் அவன் இவளைப் பார்ப்பது தெரியும். ஏழு வயசிலிருந்து அப்படித்தான். காற்று அடித்தாலும், பனி கொட்டினாலும், கூட்டம் கத்தினாலும் அவன் பார்ப்பது அக்கா கையை மட்டும். ஒரு தடவை கூட அவளுக்கு முந்தி அவன் கிளம்பியதில்லை.

இறக்கக்கூடாது என்று உல்ரிகே முடிவு செய்திருந்தாள். உண்மையாகவே செய்திருந்தாள். ஏறி வரும்போது ஒவ்வொரு படியிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. காற்று முன்னாலிருந்து, மெதுவாக, ஒரு கோச் சாமியிடம் வேண்டிக் கேட்கிற மாதிரியான காற்று. அவள் கொடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். பக்கத்தில் நின்ற நார்வேக்கார கோச் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கடிகாரத்தில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. டீலோ அசையவில்லை. அவசரப்படவில்லை. அக்கா இறக்கும்போது இறக்குவாள் என்று உட்கார்ந்திருந்தான்.

அந்த நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது. கொடியை இறக்கிவிட்டாள்.

கை தானாக இறங்கிவிட்டது என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். நான் அதை நம்பவில்லை. அவள்தான் இறக்கினாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

டீலோ கையை விட்டான். கீழே வந்தான், எழும்பினான், பறந்தான். ஐயோ, அதை என்ன சொல்ல! உடம்பு முழுக்க ஸ்கைக்கு மேலே படுத்துக்கொண்டு, ஒரு ஆட்டம் இல்லை, ஒரு அசைவு இல்லை. அவன் தரையைத் தொடுவதற்குள் ஊரே கத்த ஆரம்பித்துவிட்டது. ஆர்னோ மணியை உடைத்துவிடுவார் போல அடித்தார். அன்றைக்கு மிக நீளமான தாவல் அதுதான். அடுத்தவனைவிட நாற்பது விநாடி முன்னால் கிளம்பலாம்.

இல்கா மட்டும் அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவளைக் கட்டிப் பிடித்தார்கள்.

மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் நாத்தனாரும் இவளும் நேருக்கு நேர் வந்தார்கள். உல்ரிகேவின் கண்ணும் சிவந்துதான் இருந்தது. பறப்பதுதான் ஆபத்து, அது முடிந்துபோயிற்று என்றாள். இனி தரையில் ஓடுவதுதானே, விழுந்தால் பனியில்தானே விழப் போகிறான் என்றாள். நாளைக்குக் காலையில் நானே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், அந்த டெஸ்ட் விஷயத்தையும் என் வாயாலேயே சொல்கிறேன் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. இல்காவும் அதைப் பிடித்துக்கொண்டாள். நாளை என்று யாராவது சொன்னால் நம்மால் பிடித்துக்கொள்ளாமல் இருக்க முடிகிறதா?

"அவனைப் பார்த்தல்ல?" என்றாள் உல்ரிகே. "ஒண்ணு கூட மறக்கல."

"பார்த்தேன் அண்ணி."

இரண்டு மணிக்கு ஓட்டம். இரண்டரை கிலோமீட்டர் வட்டம், அதை நாலு தடவை சுற்ற வேண்டும். வட்டம் முடிந்து மைதானத்துக்குள் நுழைகிற இடத்தில் தடம் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் அடுத்த சுற்று. வலது பக்கம் போனால் முடிவுக் கோடு.

டீலோ தனியாகக் கிளம்பினான். நாற்பது விநாடி கழித்து லென்னார்ட் என்கிற இருபத்தோரு வயசுக்காரன். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் கூட்டமாக. லென்னார்ட் நன்றாக ஓடுகிறவன்தான், ஆனால் டீலோ அவனை நெருங்கவே விடவில்லை. முதல் சுற்று முடிந்து மைதானத்துக்குள் வந்தபோது அதே இடைவெளி. இரண்டாவது சுற்றிலும் அதே. உல்ரிகே காட்டு ஏற்றத்தில் நின்றுகொண்டு, மூச்சை அடக்கு, தோளைத் தளர்த்து என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது.

இல்கா முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், வீரர்களின் குடும்பத்தாருக்கான அடைப்புக்குள் நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது சுற்று முடிந்து டீலோ மைதானத்துக்குள் வந்தான். தனியாகத்தான் வந்தான். முன்னால் யாராவது போயிருந்தால் அவன் பின்னாலேயே போயிருப்பான். தடம் பிரிகிற இடத்தில் நின்ற ஆள், இடது பக்கம் கை காட்டினார்.

டீலோ வலது பக்கம் திரும்பினான்.

அந்த ஆள் கத்தினார். டீலோ அவரைப் பார்க்கக்கூட இல்லை. முதுகை வளைத்து, குச்சிகளை ஊன்றி ஊன்றி, கடைசி நூறு மீட்டரில் ஓடுகிற வேகத்தில் வந்தான். அவன் அப்படி உறுதியாக வந்ததால் பார்த்தவர்களுக்கே குழம்பிவிட்டது. ஆர்னோ மணியை அடித்துவிட்டார். மஞ்சள் குல்லாக்கள் குதித்தன. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். டீலோ கோட்டைத் தாண்டினான். இரண்டு கையையும் தூக்கினான். பனியில் மல்லாந்து விழுந்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகுதான் மைதானம் முழுக்க ஒரு முனகல் பரவியது. குல்லாக்கள் ஒவ்வொன்றாக நின்றன. மணி நின்றது.

இல்கா அடைப்பைத் தாண்டிக் குதித்து ஓடினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அதற்குள் அவன் எழுந்து நின்றுவிட்டான். தாடியெல்லாம் பனி, கண்ணெல்லாம் சந்தோஷம். அவளை இழுத்து அணைத்துக்கொண்டான்.

"முடிச்சுட்டேன் பாத்தியா? சொன்னேன்ல? ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல?"

அப்போதுதான் அந்தக் குரல் அவள் காதில் விழுந்தது. தடத்தின் மறுபக்கத்தில், காட்டிலிருந்து இறங்கி, தடுமாறி விழுந்து எழுந்து, உல்ரிகே ஓடி வந்துகொண்டிருந்தாள். "திரும்புடா! இன்னும் ஒரு சுத்து இருக்கு! திரும்பு, நேரம் இருக்கு!"

நேரம் இருந்தது. அதுதான் கொடுமை. தப்பான பக்கம் போனவன் தடம் பிரிந்த இடத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்து ஓட்டத்தைத் தொடரலாம். விதி அனுமதிக்கிறது. லென்னார்ட் இன்னும் மைதானத்துக்குள் வரவில்லை. இப்போதே திரும்பினால் முதல் மூன்றுக்குள் நிச்சயம். உலகப் போட்டி நிச்சயம். ஏதோ கவனப் பிசகு, யாருக்கும் நடப்பதுதான் என்று சிரித்துக்கொண்டே சமாளித்துவிடலாம். பலகையில் அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருப்பான்.

டீலோவுக்கு உல்ரிகே கத்துவது கேட்டது, என்னவென்று காதில் விழவில்லை. அக்காவும் சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்துக் கையை ஆட்டினான்.

அவனிடம் சொல்ல வேண்டியவள் இல்காதான். மூன்று வார்த்தை. இன்னும் ஒரு சுற்று. சொல்லியிருந்தால் அவன் போயிருப்பான். அவன் எந்த ஏற்றத்துக்கும் பயந்தவனில்லை. போய், ஜெயித்து, திரும்பி வந்து, அடுத்த மாதம் இதைவிடப் பெரிய மேடையில், இதைவிட உயரத்தில் போய் உட்கார்ந்து, அக்கா கொடிக்காகக் காத்திருப்பான். நாளைக்கு ஆஸ்பத்திரி என்ற பேச்சு நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவனுக்கு மட்டும் இல்லை, யாருக்குமே இருக்காது.

இல்கா அவன் காலடியில் மண்டியிட்டாள். வலது பூட்ஸின் முனையில் இருந்த பூட்டைக் கட்டை விரலால் அழுத்தினாள். ஸ்கை கழன்றது. இடது காலிலும் கழற்றினாள். அவன் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தான், ஷூ கழற்றிவிடும்போது குழந்தை தூக்கிக் கொடுக்குமே, அந்த மாதிரி. குனிந்து அவள் குல்லாவைத் தட்டினான். தன்னைக் கொண்டாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு ஸ்கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இல்கா எழுந்தாள். உல்ரிகே வேலியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவள் பார்த்துவிட்டாள், யார் கழற்றினது என்று. மருத்துவக் கூடாரத்திலிருந்து டாக்டர் கிளம்பி, பனியில் வழுக்காமல் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

"நேரம் இருந்துச்சு இல்கா" என்றாள் உல்ரிகே.

"தெரியும் அண்ணி."

லென்னார்ட் மைதானத்துக்குள் வந்தான். தடம் பிரிகிற இடத்தில் ஒரு கணம் தலையைத் திருப்பி, ஸ்கை இல்லாமல் நிற்கிற டீலோவைப் பார்த்தான், திகைத்தான், பிறகு இடது பக்கமாகத் திரும்பி ஏற்றத்தில் போனான். அவன் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்.

டீலோ அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பெண்டாட்டி தோளில் கையைப் போட்டு, வாயை அவள் காதருகில் கொண்டு வந்தான். அவன் குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

"பாவம் பசங்க" என்றான். "எல்லாம் முடிஞ்சுபோச்சே. இவங்க இன்னும் எங்க ஓடறாங்க?"